இரண்டு கீபிரேம்களுக்கு இடையில்: பிளெண்டரில் அசைவின் வேகத்தைக் கையாளப் பழகுதல்

அனிமேஷன் பழகத் தொடங்கியவர்களின் முதல் வேலைகளில் ஒரு பொதுக்குணம் இருக்கும். எல்லாப் பொருளும் மெல்லப் புறப்படும், நடுவில் கெதியாகும், பிறகு மெல்ல வந்து நிற்கும். திருமண வீடியோவில் மணமக்களின் பெயர் அப்படி வரும். மரத்தால் விழும் பனம்பழமும் அப்படியே வரும். இது பழகுபவரின் பிழை இல்லை. பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் இரண்டு கீ (பொருள் எந்தப் பிரேமில் எங்கே நிற்கிறது என்று குறித்துவைக்கும் கீபிரேம்) வைத்தால், இடைவெளியைப் பெசியர் என்ற வழவழப்பான வளைவால் நிரப்பி இரண்டு முனைகளையும் அதுவே மென்மையாக்கி விடுகிறது. மென்மை கேட்காமலே கிடைக்கிறது என்பதால், நீங்கள் முடிவெடுக்க வேண்டியது எந்த முனையில் அது கூடாது, எந்த முனையில் எவ்வளவு வேண்டும் என்பதைத்தான்.

இங்கே சொல்லப்படுவது பிளெண்டர் 4 வரிசைப் பதிப்புகளை வைத்து. இலவச மென்பொருள், சாதாரண மடிக்கணினியிலும் இந்தப் பயிற்சிகள் ஓடும். 3 வரிசை வைத்திருப்பவர்களுக்கும் அநேகமாக எல்லாம் பொருந்தும்.

தொடங்க முன்னர்

முதலில் பிரேம் வேகம், அதாவது செக்கனுக்கு எத்தனை படம் என்பது. பிளெண்டர் செக்கனுக்கு 24 பிரேமில் திறக்கும். இலங்கைத் தொலைக்காட்சி பால் (PAL) ஒளிபரப்பு முறை, அதற்கு 25. கைபேசியில் எடுத்த வீடியோ பெரும்பாலும் 30. உங்கள் அசைவு எந்த வீடியோவோடு சேரப்போகிறதோ அந்த எண்ணை அவுட்புட் பகுதியில் பிரேம் ரேட் என்ற இடத்தில் இப்போதே போடுங்கள். வேலையின் நடுவில் மாற்றினால் கீக்கள் அதே பிரேம் இலக்கங்களில்தான் நிற்கும். ஆனால் ஒரு பிரேமின் நேரம் மாறிவிடும். 25 இல் ஒரு செக்கன் எடுத்த அசைவு 30 இல் 0.83 செக்கனில் முடிந்துவிடும். கீழே உள்ள கணக்குகள் எல்லாம் 25 பிரேமுக்கு.

அடுத்து, திரையை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் மவுஸை வைத்து ஷிஃப்ட்+எஃப்6 அழுத்துங்கள். கிராப் எடிட்டர் திறக்கும். கீ வைத்த பிறகு ஹோம் விசையை அழுத்தினால் வளைவு முழுவதும் தெரியும். கன்ட்ரோலோடு மவுஸின் நடுச்சில்லை அழுத்தி இழுத்தால் கிடையாகவும் நிலைக்குத்தாகவும் தனித்தனியே பெருப்பிக்கலாம். வளைவு ஒரு தட்டைக் கோடாகத் தெரிகிறது என்று பலர் கிராப் எடிட்டரை விட்டு ஓடிவிடுவது இந்த ஒரு விசைச் சேர்க்கை தெரியாததால்தான்.

மூன்றாவது, டைம்லைனில் பிளேபாக் மெனுவைத் திறந்து சிங்க் என்ற இடத்தில் பிரேம் டிராப்பிங் என்று வையுங்கள். அப்படி வைக்காவிட்டால், வேகம் குறைந்த கணினியில் எல்லாப் பிரேமையும் காட்ட முயன்று அசைவு உண்மையை விட ஆறுதலாக ஓடும். நீங்களும் அதைப் பார்த்துக் கீக்களை நெருக்கிவிடுவீர்கள். ரெண்டர் செய்து, அதாவது இறுதிப் படங்களாக எடுத்து, பார்த்தால் எல்லாம் பறக்கும்.

வளைவில் எதைப் பார்ப்பது

கிராப் எடிட்டரில் கிடை அச்சு பிரேம், நிலைக்குத்து அச்சு பெறுமானம். சாதாரண தர விஞ்ஞானத்தில் கீறிய இடப்பெயர்ச்சி–நேர வரைபு இதுவேதான். படித்திறன்தான் வேகம். வளைவு செங்குத்தாக ஏறும் இடத்தில் பொருள் கெதியாக ஓடுகிறது, கிடையாகப் படுத்திருக்கும் இடத்தில் நிற்கிறது, நேர்கோடாக இருந்தால் சீரான வேகம். எக்ஸ் சிவப்பு, வை பச்சை, இசட் நீலம். பள்ளிக்கூடத்தில் இந்த வரைபை வாசிக்கத் தெரிந்திருந்தால் ஈசிங்கின், அதாவது அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் மென்மையாக்கும் வேலையின், பாதி முடிந்தது. அந்தப் பாடத்தின் ஆர்முடுகலுக்கும் அமர்முடுகலுக்கும் இங்கே ஈஸ் இன், ஈஸ் அவுட் என்று பெயர்.

கீக்களின் எண்ணிக்கை கூடினால் அசைவு நுணுக்கமாகும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு கீயும் வளைவில் ஒரு முடிச்சு. முடிச்சுக் கூடக்கூட அது நெளியும். திசை மாறும் இடத்திலும் நிற்கும் இடத்திலும் மட்டும் கீ வைத்து, மிச்சத்தை வளைவால் செய்வதுதான் நல்ல பழக்கம்.

முதற் பயிற்சி: பனம்பழம்

பன்னிரண்டு மீற்றர் உயரத்தில் இருந்து ஒரு பனம்பழத்தை விழுத்துவோம். எத்தனை பிரேம் எடுக்கும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. உயரத்தை 4.9 ஆல் பிரித்து, வர்க்கமூலம் எடுத்து, 25 ஆல் பெருக்கினால் பிரேம் எண்ணிக்கை வந்துவிடும். 12 மீற்றருக்கு 39.

1. ஷிஃப்ட்+ஏ அழுத்தி மெஷ், யூவி ஸ்பியர் என்று போய் ஒரு கோளம் சேருங்கள். இடது கீழ் மூலையில் வரும் பெட்டியில் ஆரையை 0.3 ஆக்குங்கள். உண்மைப் பழத்தை விடப் பெரிதுதான். 12 மீற்றர் தூரத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே.

2. டேப் அழுத்துங்கள். ஜி, இசட், 0.3, என்டர். மீண்டும் டேப். இதனால் பொருளின் மூலப்புள்ளி கோளத்தின் அடிக்கு வந்துவிடும். இனி இசட் 0 என்றால் பழம் நிலத்தில் முட்டி நிற்கிறது என்று அர்த்தம். இந்தப் படியைத் தவிர்த்தால் பழம் பாதி நிலத்துக்குள் புதையும்.

3. பிரேம் 1 இல் நின்று, என் (N) விசையால் பக்கப்பலகையைத் திறந்து லொகேஷன் இசட் பெட்டியில் 12 என்று எழுதுங்கள். அந்தப் பெட்டியின் மேல் வலது கிளிக் செய்து இன்சர்ட் சிங்கிள் கீபிரேம் கொடுங்கள். பெட்டி மஞ்சளாக வேண்டும். ஐ விசையாலும் கீ வைக்கலாம், ஆனால் அது மூன்று அச்சுகளுக்கும் சேர்த்து வைக்கும். தேவையில்லாத வளைவுகள் கிராப் எடிட்டரை நிரப்பும்.

4. பிரேம் 40 க்குப் போங்கள். இசட் 0 என்று மாற்றி மீண்டும் அதே மாதிரிக் கீ வையுங்கள். மாற்றிவிட்டுக் கீ வைக்காமல் வேறு பிரேமுக்கு நகர்ந்தால் மாற்றம் அழிந்துபோகும். பெட்டி செம்மஞ்சளாக இருந்தால் மாற்றியிருக்கிறீர்கள், இன்னும் கீ வைக்கவில்லை என்பது பொருள். புதியவர்கள் நேரத்தை அதிகம் தொலைப்பது இந்த இடத்தில்.

5. இப்போது ஓடவிட்டுப் பாருங்கள். பழம் பஞ்சுமெத்தையில் இறங்குவது போல நிலத்தைத் தொடும். கடைசிப் பிரேம்களில் வளைவு கிடையாகப் படுத்திருப்பதைக் கிராப் எடிட்டரில் பார்க்கலாம். விழுகிற பொருளுக்கு நிலத்தில்தான் வேகம் உச்சம். இங்கே அது பூச்சியம்.

6. கிராப் எடிட்டரில் முதற் கீயை மட்டும் தெரிவு செய்து டி (T) அழுத்தி குவாட்ராட்டிக் எடுங்கள். பிறகு கன்ட்ரோல்+ஈ அழுத்தி ஈஸ் இன் எடுங்கள். வளைவு பரவளைவாகிவிடும்.

புவியீர்ப்பில் விழும் தூரம் நேரத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. குவாட்ராட்டிக் ஈஸ் இன் செய்வதும் அதையேதான், ஆகவே இது மதிப்பீடல்ல, சரியான விடை. சரிபார்க்க பிரேம் 21 க்குப் போய் இசட் பெட்டியைப் பாருங்கள், 8.84 என்று இருக்க வேண்டும். பாதி நேரத்துக்கு மேல் போயும் பழம் மூன்று மீற்றர் சொச்சம்தான் விழுந்திருக்கிறது. பழைய பெசியர் வளைவில் அதே பிரேமில் 6 க்குச் சற்றுக் கீழே நின்றிருக்கும். கடைசிப் பிரேமில் மட்டும் பழம் 60 சென்ரிமீற்றர் அளவு பாய்கிறது. அந்தப் பாய்ச்சலில்தான் பாரம் தெரியும்.

கவனிக்க ஒன்று: இன்டர்பொலேஷனை, அதாவது இடைவெளி நிரப்பப்படும் முறையை, எப்போதும் இடைவெளியின் முதற் கீயில்தான் மாற்ற வேண்டும். இறுதிக் கீயைத் தெரிந்து மாற்றிவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று திகைப்பவர்கள் ஏராளம். அது அந்தக் கீக்குப் பிறகு வரும் இடைவெளிக்குப் போயிருக்கும்.

ஹாண்டில்கள்

டி விசையில் வரும் சைனுசொய்டல், குவாட்ராட்டிக், கியூபிக், குவார்ட்டிக், குவின்ட்டிக், எக்ஸ்பொனென்ஷியல் எல்லாம் ஆயத்தச் சூத்திரங்கள். வரிசையில் கீழே போகப்போக ஈஸ் கூர்மையாகும். இவற்றை எடுத்தால் அந்த இடைவெளியில் ஹாண்டில்களுக்கு, அதாவது கீயில் இருந்து நீளும் பிடிகளுக்கு, வேலை இல்லை. நீங்களே வடிவம் கொடுக்க வேண்டுமானால் பெசியரிலேயே இருங்கள்.

ஒவ்வொரு பெசியர் கீக்கும் இருபுறமும் ஒவ்வொரு ஹாண்டில். அதன் சாய்வு அந்தக் கீயைக் கடக்கும்போது உள்ள வேகம். அதன் நீளம் அந்த வேகம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது. கிடையாக நீண்ட ஹாண்டில் என்றால் பொருள் அந்த இடத்தில் நீண்ட நேரம் தயங்கும்.

வி அழுத்தினால் ஐந்து வகை வரும். ஆட்டோ கிளாம்ப்ட் தான் தொடக்க நிலை. உச்சியிலும் பள்ளத்திலும் ஹாண்டிலைக் கிடையாக்கி, கீயின் பெறுமானத்தைத் தாண்டவிடாது. ஆட்டோமேட்டிக் அப்படிக் கட்டுப்படுத்தாது. வளைவு கீயைத் தாண்டி மேலே போய் வரும், நிலத்தில் வைத்த கால் நிலத்துக்குள் இறங்குவது இதனால்தான். அலைன்ட் என்பது இரண்டு ஹாண்டிலும் ஒரே கோட்டில். ஃப்ரீ என்றால் ஒவ்வொன்றும் தன்பாட்டில், திடீர்த் திருப்பத்துக்கு இது வேண்டும். வெக்டர் அடுத்த கீயை நேராகப் பார்க்கும். பெரும்பாலான கீக்களை ஆட்டோ கிளாம்ப்ட்டிலேயே விட்டு, மோதல் நடக்கும் கீயை மட்டும் ஃப்ரீ ஆக்கினால் அநேக வேலைக்குப் போதும். ஆட்டோ ஹாண்டிலைக் கையால் இழுத்தவுடன் அது தானாகவே அலைன்ட் ஆக மாறிவிடும். பிறகு பக்கத்துக் கீக்களை நகர்த்தும்போது அது தன்னைத் திருத்திக்கொள்ளாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாம் பயிற்சி: துள்ளும் பந்து

ஒழுங்கையில் கிரிக்கெட் விளையாடும் ரெனிஸ் பந்து ஒன்றை எடுப்போம். ஒவ்வொரு துள்ளலிலும் உயரம் ஏறத்தாழப் பாதியாகும் என்று வைத்தால், நேரம் பாதியாகாது, 0.7 மடங்காகும். உயரம் நேரத்தின் வர்க்கத்தோடு போவதால் இது வருகிறது. இந்த விகிதத்தைப் பிழையாக வைத்தால் எவ்வளவு ஈஸ் கொடுத்தாலும் பந்து பந்தாகத் தெரியாது.

ஏறவோ இறங்கவோ எடுக்கும் பிரேம்களை 15, 10, 7, 5, 3 என்று எடுத்துக்கொள்ளுங்கள். முன்னைய பயிற்சியைப் போலவே அடியில் மூலப்புள்ளி உள்ள கோளம் ஒன்றுக்கு இசட் கீக்கள்: பிரேம் 1 இல் 1.77, 16 இல் 0, 26 இல் 0.78, 36 இல் 0, 43 இல் 0.38, 50 இல் 0, 55 இல் 0.2, 60 இல் 0, 63 இல் 0.07, 66 இல் 0.

இப்போது ஈஸ். மேலே நிற்கும் கீக்கள் எல்லாவற்றையும் தெரிந்து குவாட்ராட்டிக், ஈஸ் இன். நிலத்தில் நிற்கும் கீக்கள் எல்லாவற்றையும் தெரிந்து குவாட்ராட்டிக், ஈஸ் அவுட். நிலத்தில் இருந்து எழும்போது வேகம் உச்சத்தில் தொடங்கிக் குறைவதால் ஈஸ் அவுட். வளைவில் நிலத்துப் புள்ளிகள் கூர்மையான வி வடிவத்திலும் உச்சிகள் உருண்டையாகவும் இருக்க வேண்டும். ஏதாவது ஒரு நிலத்துப் புள்ளி உருண்டையாகத் தெரிந்தால் அந்தக் கீ தெரிவில் தவறிவிட்டது.

பந்து பக்கவாட்டிலும் போக வேண்டும். அதற்கு எக்ஸில் இரண்டே கீ: பிரேம் 1, பிரேம் 66. துள்ளும் இடங்களில் எக்ஸுக்குக் கீ வைக்கவே கூடாது. வைத்தால் ஒவ்வொரு மோதலிலும் பந்து முன்னே போகத் தயங்கும். இன்டர்பொலேஷன் லீனியர், அல்லது முடிவில் சற்றே மெதுவாக வேண்டுமென்றால் சைனுசொய்டல் ஈஸ் அவுட்.

நசுங்கல் வேண்டுமென்றால் மோதும் பிரேமில் மட்டும் ஸ்கேல் இசட் 0.8, எக்ஸ், வை இரண்டும் 1.12. கனவளவு மாறாமல் இருக்க இந்த எண்கள். அதற்கு முந்தைய பிரேமிலும் அடுத்த பிரேமிலும் 1 ஆக வையுங்கள். நான்கைந்து பிரேமுக்கு நீட்டினால் பந்து மாவுருண்டை ஆகிவிடும். கடைசி இரண்டு துள்ளலுக்கு நசுங்கலே வேண்டாம்.

மூன்றாம் பயிற்சி: ஊஞ்சல்

பந்தைப் பழகிய கையோடு ஊஞ்சலைச் செய்பவர்கள் ஒரே பிழையை விடுவார்கள். ஊஞ்சல் ஓயும்போது ஒவ்வொரு ஆட்டத்தின் நேரத்தையும் குறைத்துக்கொண்டே போவார்கள். எளிய ஊசலின் அலைவு காலம் கயிற்றின் நீளத்தில் தங்கியது. வீச்சு சிறிதானாலும் நேரம் அதேதான். பந்தில் நேரமும் குறையும், ஊஞ்சலில் வீச்சு மட்டும் குறையும்.

மாமரக் கொப்பில் 2.5 மீற்றர்க் கயிற்றில் கட்டிய ஊஞ்சல் போய்வர 3.2 செக்கன் எடுக்கும், அதாவது 80 பிரேம். பொருளின் மூலப்புள்ளி கயிறு கட்டிய இடத்தில் இருக்க வேண்டும், பலகையில் அல்ல. சுழற்சிக்கு பிரேம் 1 இல் 25 பாகை, 41 இல் −25, 81 இல் 25. எல்லாக் கீக்கும் சைனுசொய்டல், ஈஸ் இன் அவுட். தொடர்ந்து ஆட வேண்டுமென்றால் ஷிஃப்ட்+ஈ அழுத்தி மேக் சைக்ளிக் கொடுங்கள். ஓய வேண்டுமென்றால் 40 பிரேமுக்கு ஒரு கீயாக 25, −22, 19, −16 என்று குறைத்துக்கொண்டு போங்கள், இடைவெளியைத் தொடாதீர்கள்.

நடுவில், அதாவது ஊஞ்சல் நேராகத் தொங்கும் கணத்தில், கீ வைக்க ஆசை வரும். வைக்காதீர்கள். அந்த இடத்தில் வேகம் உச்சம், இன் அவுட் போட்ட கீயோ அங்கே பொருளை நிறுத்தும்.

நான்காம் பயிற்சி: சைக்கிள் சில்லு

இங்கே சிக்கல் வேறு. சைக்கிள் மெல்லப் புறப்பட்டுக் கெதியாகி நிற்கிறது. சில்லும் அதே கணக்கில் உருள வேண்டும். இரண்டுக்கும் தனித்தனியே கீ வைத்து ஈஸ் கொடுத்தால் ஏதோ ஒரு பிரேமில் சில்லு வழுக்கும். கண் இதை உடனே பிடித்துவிடும்.

வழி: அசைவை ஒரே ஒரு வளைவில் வைத்து, சில்லை அதில் இருந்து கணக்கிட விடுவது. 28 அங்குலச் சில்லின் ஆரை 0.355 மீற்றர் அளவு.

1. சைக்கிள் உடலுக்கு எக்ஸில் பிரேம் 1 இல் 0, பிரேம் 101 இல் 10. சில்லு உடலின் பிள்ளைப்பொருளாக இணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

2. உடலின் லொகேஷன் எக்ஸ் பெட்டியில் வலது கிளிக் செய்து காப்பி அஸ் நியூ டிரைவர். டிரைவர் என்பது ஒரு பெறுமானத்தை இன்னொன்றில் இருந்து கணக்கிடும் இணைப்பு. சில்லின் ரொட்டேஷன் வை பெட்டியில் வலது கிளிக் செய்து பேஸ்ட் டிரைவர்.

3. அதே பெட்டியில் எடிட் டிரைவர் திறந்து, எக்ஸ்பிரஷன் இடத்தில் இருக்கும் மாறியின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டு 0.355 என்று எழுதுங்கள். தூரத்தை ஆரையால் பிரித்தால் கோணம் ஆரையனில் வரும், டிரைவருக்கு வேண்டியதும் அதுவே. சில்லு மறுபக்கம் உருண்டால் முன்னால் ஒரு கழித்தல் குறி.

இனி உடலின் வளைவை எப்படி வளைத்தாலும் சில்லு பிழைக்காது. இங்கே ஹாண்டில் நீளத்தைப் பழகுங்கள். மிதித்துப் புறப்படுவதற்கு நேரம் எடுக்கும், பிறேக் பிடித்தால் கெதியில் நிற்கும். ஆகவே முதற் கீயின் வலது ஹாண்டிலை 45 பிரேம் அளவுக்குக் கிடையாக நீட்டி, கடைசிக் கீயின் இடது ஹாண்டிலை 15 அளவுக்குச் சுருக்குங்கள். ஜி அழுத்தி எக்ஸ் அழுத்தினால் ஹாண்டில் கிடையாக மட்டும் நகரும். இரண்டு ஹாண்டிலும் சேர்ந்து இடைவெளியை விட நீளமானால் வளைவு பின்னோக்கி மடியாமல் இருக்க பிளெண்டர் தானாகவே அவற்றின் விளைவைக் குறைத்துவிடும். அதற்கு மேல் இழுத்துப் பயன் இல்லை.

எழுத்துகள், தலைப்புகள்

யாழ்ப்பாணத்தில் அனிமேஷன் பழகும் பலருக்கு முதலில் வரும் காசு வேலை இதுதான்: திருமணம், பூப்புனித நீராட்டு விழா, திருவிழா அறிவித்தல், 31 ஆம் நாள் நினைவஞ்சலி. ஈஸ் பற்றிச் சொல்ல முன் ஒரு எச்சரிக்கை. பிளெண்டரின் டெக்ஸ்ட் பொருளில் தமிழை நேரடியாக எழுதினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இங்க்ஸ்கேப்பில் எழுதி, பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்து, எஸ்விஜி ஆகச் சேமித்து பிளெண்டருக்குள் இறக்குங்கள். மிகச் சிறிதாக வரும், பெருப்பிக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனிப் பொருளாக வந்தால் ஒரு வரியை முழுவதும் தெரிந்து கன்ட்ரோல்+ஜே அழுத்தி ஒன்றாக்குங்கள்.

தலைப்பு திரைக்கு வெளியில் இருந்து வருகிறதென்றால் தொடக்கத்தில் ஈஸ் எதற்கு? அது புறப்படுவதை யாரும் பார்ப்பதில்லை. 15 பிரேமில், கியூபிக், ஈஸ் அவுட். பெயர், திகதி, மண்டபம் என்று மூன்று வரி இருந்தால் ஒவ்வொன்றையும் மூன்று பிரேம் பிந்தித் தொடங்குங்கள். ஒரே நேரத்தில் வந்தால் பலகை ஒன்று நகர்வது போலிருக்கும். வெளியேறும்போது மறுவளம்: ஈஸ் இன், 10 பிரேம் போதும்.

டி விசையில் வரும் பேக் என்ற வகை இலக்கைச் சற்றுத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். அதன் தொடக்க அளவு 1.70158, அது 10 சதவீதத் தாண்டல். பக்கப்பலகையின் எஃப்-கர்வ் பகுதியில் இதை 0.8 அளவுக்குக் குறைத்தால் கண்ணியமாக இருக்கும். பிறந்தநாள் வீடியோவுக்கு நல்லது. நினைவஞ்சலிக்கு ஒருபோதும் வேண்டாம். அங்கே ஒளிபுகுதன்மையை 40 அல்லது 50 பிரேமில் சைனுசொய்டலில் ஏற்றினால் போதும். பவுன்ஸ், எலாஸ்டிக் இரண்டையும் எழுத்துக்குப் பயன்படுத்தி வடிவாக வந்த சந்தர்ப்பம் அரிது.

எழுத்து ஒரு செக்கனில் திரையின் முழு அகலத்தையும் கடந்தால், 1920 பிக்சல் அகலத்தில் அது பிரேமுக்கு 77 பிக்சல் பாய்கிறது. எந்த ஈஸ் கொடுத்தாலும் அது துடிதுடிக்கும். பிழை வளைவில் இல்லை. ரெண்டர் பகுதியில் மோஷன் பிளர் (அசைவு மங்கல்) போட்டு ஷட்டரை 0.5 இல் விடுங்கள், அல்லது தூரத்தைக் குறையுங்கள்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற இன்னொரு அனிமேஷன் மென்பொருளில் இருந்து வருபவர்கள், அல்லது அங்கே போகப்போகிறவர்கள், பெயர்க் குழப்பம் ஒன்றைத் தெரிந்துவைக்க வேண்டும். பிளெண்டரில் ஈஸ் இன் என்பது இடைவெளியின் தொடக்கம் மெதுவாக இருப்பது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஈசி ஈஸ் இன் என்பது அந்தக் கீக்குள் வந்துசேரும்போது மெதுவாவது. கிட்டத்தட்ட நேர்மாறு. அங்கே எஃப்9 அழுத்தினால் இரு பக்கமும் 33 சதவீதச் செல்வாக்கோடு ஈஸ் விழும். எல்லாவற்றுக்கும் அதை அழுத்திவிட்டுப் போவதும் இந்தக் கட்டுரை தொடங்கிய அதே நோய்தான்.

பட்டம் போல ஒழுங்கற்ற அசைவுகள்

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைக் கவனித்தால் தெரியும், காற்றில் நிற்கும் பொருள் ஒரே இடத்தில் ஒருபோதும் நிற்பதில்லை. இதைக் கீ வைத்துச் செய்ய முயல்வது வீண் வேலை. ஒரு கீ மட்டும் வைத்து, கிராப் எடிட்டரின் பக்கப்பலகையில் மொடிஃபையர்ஸ் பகுதியில் நொய்ஸ் சேருங்கள். ஸ்கேல் 40 இல் தொடங்குங்கள். எண் கூடினால் ஆட்டம் ஆறுதலாகும். ஸ்ட்ரெங்த் இடப்பெயர்ச்சிக்கு 0.5, சுழற்சிக்கு 0.1 அளவில் தொடங்கிப் பாருங்கள். எக்ஸ், இசட் இரண்டுக்கும் ஃபேஸ் எண்ணை வேறுவேறாகக் கொடுக்க வேண்டும், இல்லையேல் பட்டம் ஒரே மூலைவிட்டக் கோட்டில் போய்வந்துகொண்டிருக்கும்.

பிழைத்தால் எங்கே பார்ப்பது

நடுவழியில் விக்கி விக்கிப் போகிறது என்றால், பாதையில் கனக்கக் கீ இருக்கிறது. வளைந்த பாதை ஒன்றுக்கு எக்ஸிலும் வையிலும் ஆறேழு கீ வைத்தால், ஒவ்வோர் அச்சும் வெவ்வேறு கீயில் உச்சிக்குப் போய்க் கிடையாகிறது. ஒவ்வொன்றாகத் திருத்துவதை விட, பாதையை ஒரு கர்வ் பொருளாகக் கீறி, ஃபாலோ பாத் கட்டுப்பாட்டைப் போட்டு, ஃபிக்ஸ்ட் பொசிஷனைத் தெரிந்து, ஆஃப்செட்டுக்கு 0, 1 என்று இரண்டு கீ மட்டும் வையுங்கள். வடிவம் கர்வில் இருக்கும், வேகம் ஒரே வளைவில் இருக்கும். தேர் வீதிவலம் வருவதைச் செய்ய இதைவிட நல்ல வழி இல்லை.

நிற்க வேண்டிய நேரத்தில் பொருள் மெல்ல மிதக்கிறது என்றால், ஒரே பெறுமானமுள்ள இரண்டு கீக்களுக்கு நடுவில் ஹாண்டில் சாய்ந்திருக்கிறது. இரண்டையும் தெரிந்து வி அழுத்தி ஆட்டோ கிளாம்ப்ட் கொடுங்கள்.

சுழற்சியில் திடீரென ஒரு முழுச் சுற்று அடித்தால், கோணம் 180 இல் இருந்து −180 க்குப் பாய்ந்திருக்கிறது. மூன்று சுழற்சி வளைவுகளையும் தெரிந்து, கிராப் எடிட்டரின் மெனுவில் டிஸ்கன்டினியூட்டி ஃபில்டரை ஓட்டுங்கள்.

மோஷன் காப்சர் (உண்மை ஆளின் அசைவைப் பதிவுசெய்வது) போன்றவற்றில் இருந்து வந்த, பிரேமுக்கு ஒரு கீ உள்ள வளைவு நடுங்குகிறது என்றால், ஆல்ட்+ஓ அழுத்தி மென்மையாக்கலாம். ஆனால் திரும்பத் திரும்ப அழுத்தினால் உச்சிகள் தேய்ந்து, குத்து விழும் இடத்தில் தடவுவது போலாகும். முதலில் டெசிமேட் கொடுத்துக் கீக்களைக் குறைப்பது நல்லது.

கீக்களை எஸ் விசையால் நெருக்கியோ அகட்டியோ விட்டால் அவை பிரேம்களுக்கு இடையில், 16.4 போன்ற இடங்களில் நிற்கும். மோதல் கீ அப்படி நின்றால் எந்தப் பிரேமிலும் பந்து நிலத்தைத் தொடாது. ஷிஃப்ட்+எஸ் அழுத்தி நியரெஸ்ட் பிரேம் எடுங்கள்.

சுற்றிச் சுற்றி ஓட வேண்டிய வீடியோவில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்னத் தடக்கு இருந்தால், முதற் பிரேமும் கடைசிப் பிரேமும் ஒரே படம். ஊஞ்சலுக்கு கீ 81 வரை இருந்தாலும் ரெண்டர் 80 இல் முடிய வேண்டும்.

இவை ஒன்றும் இல்லை, ஆனாலும் திக்குகிறது என்றால் 3டி திரையின் மேல் இடது மூலையைப் பாருங்கள். ஓடும்போது பிரேம் வேகம் சிவப்பில் தெரிந்தால் கணினி தாங்கவில்லை, அசைவில் குறையில்லை. வியூ மெனுவில் வியூபோர்ட் ரெண்டர் அனிமேஷன் கொடுத்து அந்த வீடியோவைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். திரையைப் பார்த்து வளைவைத் திருத்தாதீர்கள்.

இறுதி ரெண்டரை நேராக வீடியோவாக எடுக்காமல் பிஎன்ஜி படத் தொடராக எடுங்கள். அவுட்புட் பகுதியில் ஓவர்ரைட்டை நீக்கிவிட்டால், மின்சாரம் நின்றுபோனாலும் மீண்டும் தொடங்கும்போது முடிந்த பிரேம்களை விட்டு மிச்சத்தில் இருந்து ஓடும். நின்ற நேரத்தில் அரைகுறையாக எழுதப்பட்ட கடைசிப் படத்தை மட்டும் முதலில் அழியுங்கள். பிறகு எடிட்டிங் மென்பொருளில் அந்தப் படத் தொடரைச் சேர்க்கும்போது அதன் பிரேம் வேகம் 25 என்று வாசிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சில மென்பொருள்கள் படத் தொடரைத் தங்கள் சொந்தத் தொடக்க எண்ணில், 24 அல்லது 30 இல் எடுத்துக்கொள்ளும். 39 பிரேமில் கணக்குப் பார்த்து விழுத்திய பனம்பழம் 30 இல் 1.3 செக்கனில் நிலத்துக்கு வந்துவிடும்.